பின்வாசல் கத்திரிக்காய்

என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி என்னை முதன்முதலில் அடித்தது கத்திரிக்காய்க்காக. கல்யாணமாகி நாலு வருஷம் கை நீட்டாத மனுஷன். பண்ருட்டி மண்டியிலிருந்து வெறும் கோணிகளோடு வந்து இறங்கியவர், சோறு சூடாக இருக்கிறது என்று தட்டைத் தூக்கி என் மேல் வீசினார். நெற்றியில் பட்டது. குனிந்து தட்டை எடுக்கப் போனேன், இடுப்பில் ஓர் உதை விழுந்தது. சோறு எப்போதும் போலத்தான் இருந்தது. அன்றைக்கு மண்டியில் கத்திரிக்காய் விலை படுத்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு என் இடுப்பு என்ன செய்யும்?

அவன் என்று சொல்லத்தான் நாக்குத் துடிக்கிறது. பழக்கம் விடமாட்டேன் என்கிறது. அவர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் ஊர் நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டியது. மாமனாருக்கு நல்ல நெல் வயல் இருந்ததாம். சுரங்கம் வெட்ட எடுத்துக்கொண்டது போக, எங்களுக்கு மிஞ்சியது வாய்க்கால் கரையில் ஒரு காணி. ஆனால் லேசுப்பட்ட காணி இல்லை அது. சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்து வெளியே விடுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் ஆள் கழுத்தளவுக்கு இழுத்துக்கொண்டு ஓடும். சித்திரை வெயிலிலும் வற்றாது. அதனால் வருஷம் முழுக்கக் காய்கறி போடலாம்.

காணியை நடுவில் வரப்புப் போட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பாதி எங்களுடையது. கிழக்குப் பாதி என் வீட்டுக்காரரின் அண்ணன் சிங்காரவேலுவுடையது. அவர் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சம்சாரம் செங்கமலம், எனக்கு அக்கா முறை, ஒரே மகள் அம்சவல்லியைக் குறிஞ்சிப்பாடியில் தறிக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுத் தனியாக அந்தப் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதிதான் அவளுக்குச் சோறு. அது போனால் எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு, போட்டதைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டும். சாவுக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை.

ஒரே மண், ஒரே தண்ணீர். நாற்றும் ஒன்றுதான், ஏனென்றால் நாற்று விட்டது நான். விதை தூவி, வைக்கோல் மூடி, பூவாளியில் தண்ணீர் தெளித்து, வளர்ந்ததும் பாதியை அக்காவுக்குப் பிடுங்கிக் கொடுப்பேன். எங்கள் பாதியில் களை எடுப்பது நான், புழு பொறுக்குவது நான், காய் பறிப்பது நான். அவர் உழுவார், பாத்தி கட்டுவார், மடை திறப்பார், கோணியில் கட்டிப் பஸ் மேல் ஏற்றிப் பண்ருட்டிக்குக் கொண்டுபோவார். திரும்பி வந்து உட்கார்ந்து கணக்குச் சொல்வார். உழவுக் கூலி, பஸ்ஸுக்குச் சுமைக்கூலி, மண்டிக் கமிஷன் எல்லாம் கழியும். எனக்குக் கூலி என்று ஒரு பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை. மாட்டுக்கு வாங்கிப் போட்ட புல்லாவது கணக்கில் வரும்.

அப்படியும் எங்கள் பாதி தேறவில்லை. மண்டிக்காரர் சக்கரபாணியிடம் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, அதனால் அவர் சொன்னதுதான் விலை. இந்தப் பக்கம் அக்கா கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டாள். அம்சவல்லி பிரசவத்துக்குக் குறையில்லாமல் செய்தாள். கறவை மாடு ஒன்று வாங்கிக் கட்டினாள். அந்த மாடு கத்தும்போதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு வயிறு எரியும். எரிச்சல் வந்தால் கை என் பக்கம் வரும். பிள்ளை இல்லாதவள் என்பதும் அதோடு சேர்ந்துகொள்ளும். முதுகு, தோள், ஒரு தடவை காது. அந்தக் காதில் இன்றைக்கும் சரியாகக் கேட்காது.

பொம்பளை கைக்கு எப்படி இவ்வளவு வருகிறது என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார். டீக்கடையில் கேட்டார், மண்டியில் கேட்டார், சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணியைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், எனக்குத் தெரியும்.

ஒரு சமயம் அக்கா காலில் கருவேல முள் ஏறிவிட்டது. அவளால் சுமந்து நடக்க முடியவில்லை. அவர் பண்ருட்டி போயிருந்த நேரம் பார்த்து, கூடையை நான் தூக்கிக்கொண்டு அவளோடு டவுன்ஷிப்புக்குப் போனேன். மரம் நட்ட அகலமான ரோடுகள், அச்சில் வார்த்த மாதிரி குவார்ட்டர்ஸ் வீடுகள். அக்கா எந்த வீட்டு முன்கேட்டையும் தொடவில்லை. வீடுகளின் பின்பக்கச் சந்துக்குள் நுழைந்தாள். நுழையுமுன் ஜன்னல்களை ஒரு பார்வை பார்த்தாள். சில ஜன்னல்களில் கோணியை நனைத்துக் கட்டியிருந்தார்கள். அது என்னக்கா என்று நான் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

கோணி கட்டியிருந்தால் அந்த வீட்டு ஆம்பளைக்கு நைட் ஷிப்ட் என்று அர்த்தம். ராத்திரி முழுக்கச் சுரங்கத்தில் மிஷின் ஓட்டிவிட்டு, வெளிச்சம் தெரியாமல் உள்ளே தூங்குகிறான். அந்தப் பக்கம் குழந்தைகள்கூடச் சத்தம் போட்டு விளையாடாது. கீரைக்காரி, மீன்காரி என்று எவளாவது தெருவில் கூவிவிட்டால், பிறகு அவளை அந்த பிளாக்கிலேயே சேர்க்க மாட்டார்களாம். அக்கா பின்கதவைக் கை வளையலால் மெல்லத் தட்டினாள். கதவு திறந்தது.

இசக்கியம்மாள் என்று ஒரு திருநெல்வேலிக்கார அம்மா. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, குரல் மட்டும் எழவில்லை.

"மெல்ல பேசு தாயி. அவுக இப்பதான் கண் அசந்திருக்காவ."

அவளுக்கு வெள்ளைக் கத்திரிக்காய் வேண்டும், ஊதா ஆகாது. கொத்தவரங்காயை அவர்கள் ஊரில் சீனியவரைக்காய் என்பார்களாம், அக்காவும் அப்படியே சொன்னாள். அடுத்த வீட்டு அம்மா கோயமுத்தூர்ப் பக்கம், அவளுக்குக் கீரை வேறு. இன்னார் வீட்டுக்கு இன்ன காய் என்று யோசித்து அக்கா தன் பாதியில் சால் சாலாகப் பிரித்து நட்டிருந்தாள். விடியற்காலையில் பிஞ்சாகப் பறிப்பாள். என் வீட்டுக்காரர் எடை கூடட்டும் என்று காயை விதை முற்றும்வரை செடியிலேயே விட்டுவைப்பார். அக்காவுக்கு நடுவில் மண்டி கிடையாது, கமிஷன் கிடையாது. ஆம்பளை தூங்கும் வீட்டில், அல்லது டூட்டிக்குப் போய்விட்ட வீட்டில், தனியாக இருக்கும் பொம்பளை பின்கதவைத் திறப்பதற்கு இன்னொரு பொம்பளை வேண்டும். ரகசியம் அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் அக்கா முந்தானையில் தனியாக ஒரு முடிச்சுப் போட்டாள். அது அவள் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் கூலியாம். அந்தக் கூலி போக மிஞ்சுவதுதான் நிலத்தின் லாபமாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அழுகை வந்தது.

அடுத்த மாசம்தான் அந்த அசிங்கம் நடந்தது. அக்கா குவார்ட்டர்ஸ் பக்கம் போய்வருவதை எவனோ இவர் காதில் போட்டிருக்கிறான். அக்கா வாய்க்காலில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். இவர் பின்னால் போய்த் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டார்.

"குவார்ட்டர்ஸ்ல எவன் வூட்டுக்குப் போய்க்கினு வர்ற? காய் வித்தா ஓடு போட முடியும்?"

அக்கா அவர் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வரும்வரை விடவில்லை. அவர் அவளை வயிற்றில் மிதித்தார். விலக்கப் போன என்னை முழங்கையால் இடித்ததில் உதடு கிழிந்தது. ஆத்திரம் தீராமல் அவளுடைய பீர்க்கம் பந்தலின் கால்களைப் பிடுங்கி, காயும் பூவுமாக இருந்த கொடியைக் காலால் துவைத்தார். பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து இழுத்துப் போகும்வரை துவைத்துக்கொண்டே இருந்தார்.

மாரியம்மன் கோயில் எதிரில் ஊர் கூடியது. எங்கள் ஊர்ப் பெரியவர் வைத்திலிங்கம் இரண்டு பக்கமும் கேட்டார். கெட்டு நடப்பவளுக்கு அண்ணன் பாதி எதற்கு, எனக்கே கொடுங்கள் என்றார் என் வீட்டுக்காரர். அக்கா தன் கணக்கை நின்றுகொண்டே சொன்னாள். தன் கூலியைக் கழித்தது போக என்று அவள் சொன்னதும் கூட்டத்தில் சிரிப்பு. சொந்த நிலத்தில் பாடுபட யாராவது கூலி வாங்குவார்களா என்று ஒருத்தர் கேட்டார். அக்கா என்னைக் கை காட்டினாள்.

"அந்தப் பாதியில கனகம் பாடுபடறாளே, அது யாரு கணக்குங்க?"

சிரிப்பு நின்றது. பிறகு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். வைத்திலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். வருகிற போகம் இரண்டு பாதியையும் கலியமூர்த்தியே பார்க்கட்டும், செங்கமலம் விற்கிற இடத்திலேயே போய் விற்கட்டும். அதே வருமானம் அவன் கைக்கும் வந்தால் அது மண்ணின் வருமானம். அப்போது நிலம் முழுக்க அவனோடு போகும், அண்ணிக்கு அவன் சோறு போடுவான். வராவிட்டால் அது அவள் கைப்பாட்டின் வருமானம், அவள் பாதி அவளுக்கே, அவள் மேல் ஒரு சொல் யாரும் சொல்லக் கூடாது. நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று மாசத்துக்குத் தன் நிலத்திலேயே கூலியில்லாத கூலிக்காரி ஆன அக்கா மட்டும் தலையாட்டவில்லை. அக்கா கேட்ட கேள்விக்காக வீட்டில் எனக்கு விறகுக் கட்டையால் விழுந்தது.

இரண்டு பாதியிலும் கத்திரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் நட்டோம். நட்டோம் என்றால் நானும் அக்காவும். அக்கா ஒரு நாள்கூட வேலையில் குறை வைக்கவில்லை. செடி என்ன பாவம் செய்தது என்பாள். மெனக்கெட்டுப் பார்த்தால் அவள் பாதி அவள் கையை விட்டுப் போகும், பார்க்காவிட்டால் செடி வாடும். அவள் செடியைத்தான் பார்த்தாள். காய் பிடித்தது. இரண்டு பாதியும் குலுங்க நின்றன.

முதல் பறிப்பு அன்றைக்கு அவர் வெள்ளை வேட்டி கட்டி, சைக்கிளில் இரண்டு பக்கமும் மூட்டை போட்டு, தராசைக் கைப்பிடியில் மாட்டிக் கிளம்பினார். பின்னால் பிடித்துக்கொள்ள நான். டவுன்ஷிப் ரோட்டில் ஏறியதும் எந்த பிளாக், எந்தத் தெரு என்று கேட்டார். காட்டினேன். மனசு கேட்காமல் ஒரு வார்த்தையும் சொன்னேன்.

"அக்கா பின்பக்கமா போவாங்க. சத்தம் போட மாட்டாங்க."

சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னை அறைந்தார். அதே கெட்ட காதில்.

"நான் இன்னா திருடனா, பின்பக்கமா போறதுக்கு?"

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தெருவில் ஏறக்குறைய பாதி வீட்டு ஜன்னல்களில் கோணி தொங்கியது. தண்ணீர் சொட்டுவதுகூடத் தெரிந்தது. இவர் நடுத்தெருவில் நின்று மணியை அடித்தார். கத்திரிக்காயே, வெண்டைக்காயே என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார். நல்ல கட்டைக் குரல் அவருக்கு. ஒரு கதவும் திறக்கவில்லை. அக்காவிடம் வாங்குகிறார்களே, என்னிடம் வாங்கினால் என்ன என்ற ஆத்திரத்தில் தராசுத் தட்டைக் கல்லால் தட்ட ஆரம்பித்தார்.

இசக்கியம்மாள் முன்கேட்டுக்கு ஓடி வந்தாள். விரலை உதட்டில் வைத்து, போங்கள் போங்கள் என்று கையை ஆட்டினாள். பின்னால் நின்ற என்னை அடையாளம் கண்டுகொண்டு, அவரை அழைத்துப் போகச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினாள். என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் வேறு மாதிரி புரிந்தது. உள்ளே ஒருத்தன் ஒளிந்திருக்கிறான், அவனைக் காப்பாற்றத்தான் இவள் விரட்டுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். மாசக்கணக்காகத் தேடிய ஆள் கிடைத்துவிட்டான் அல்லவா? கேட்டை உதைத்தார்.

"எங்க அண்ணிய வெச்சிக்கினு இருக்கறவன் இந்த வூட்லதான இருக்கான்? வெளிய வரச் சொல்லு அவன!"

தெருவே கேட்டது. ஜன்னலில் கோணி விலகியது. இசக்கியம்மாளின் வீட்டுக்காரர் சோமசுந்தரம் லுங்கியோடு வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கையில் தோல் பெல்ட். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. முதல் அடி முகத்தில் விழுந்தது. பெல்ட்டின் பித்தளைக் கொக்கி புருவத்தைப் பிளந்தது. இவர் தராசை ஓங்கினார். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு முழங்காலால் நெஞ்சில் ஒரு குத்து. அதற்குள் கோணி விலகிய மற்ற வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். தூக்கம் கெட்ட மனுஷர்களின் அடி அது, கை கால் பார்த்து விழவில்லை. வெள்ளை வேட்டி அவிழ்ந்து போயிற்று. சைக்கிளைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார்கள். மூட்டை பிரிந்து கத்திரிக்காய் தெரு முழுக்க உருண்டது. அதன் மேலேயே அவரைப் புரட்டி எடுத்தார்கள்.

நான் அலறியிருக்க வேண்டும். ஐயோ விடுங்கள் என்று காலில் விழுந்திருக்க வேண்டும். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் அடி வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் எனக்கு ஒரு பழைய வலி இருந்தது. இசக்கியம்மாள் என்னை உள்ளே இழுத்துத் தண்ணீர் கொடுத்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு அவளே வெளியே போய்ப் புருஷனின் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பினோம். அவருக்கு ஒரு கண் மூடிக்கொண்டுவிட்டது. மூக்கிலிருந்து வடிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டே நடந்தார். சைக்கிள் இல்லை, தராசு இல்லை. நான் பத்தடி பின்னால் வந்தேன். ஊருக்குள் போகாமல் அவர் நிலத்துப் பக்கம் திரும்பியதும் நான் நடையை எட்டிப் போட்டேன்.

அக்கா கிழக்குப் பாதியில் களை கொத்திக்கொண்டிருந்தாள். இவர் நேராகக் கொட்டகைக்குள் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு இல்லாதது ஒனக்கும் இல்லை என்று மட்டும் சொன்னார். கத்திரிச் செடிகளை வரிசையாக அடியோடு வெட்ட ஆரம்பித்தார். இடது கையால் செடியைப் பிடிப்பது, வலது கையால் ஒரு போடு. காயோடு காயாகச் சாய்ந்தன. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை. அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் நடந்து வந்து மூன்றாவது வரிசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வெட்டு தம்பி. செடிய விட்டுடு."

வெட்டினார். ஓங்கின கை நிற்கவே இல்லை. அக்காவின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் போயின. அப்போதும் அவள் செடியை விடவில்லை. இலையெல்லாம் ரத்தம். அவர் மறுபடியும் அரிவாளைத் தூக்கினார்.

மடை அருகில் மண்வெட்டி கிடந்தது. நான் எடுத்தது எனக்குத் தெரியாது. ஓடியதும் தெரியாது. மண்வெட்டியின் பின்புறத்தால் அவர் முழங்காலில் அடித்தது மட்டும் தெரியும். விறகு பிளந்த மாதிரி ஒரு சத்தம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. மாடு பேசினால் பார்ப்பார்களே, அப்படி. இன்னொன்று வைத்தேன், அதே முழங்காலில். அரிவாள் நழுவியது. ஒற்றைக் காலில் தடுமாறிப் பின்னால் போனார், கரை வழுக்கியது, வாய்க்காலில் விழுந்தார்.

நான் சொன்னேனே, கழுத்தளவுத் தண்ணீர், இழுப்பு அதிகம். இரண்டு கால் இருந்தால் ஏறிவிடலாம். அவர் கரையோரக் கோரைப் புல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். தண்ணீர் வாய்க்குள் போய்ப் போய் வந்தது. கனகம், கனகம் என்று கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை அவர் அவ்வளவு தடவை சொன்னதே இல்லை. நான் முதலில் என் முந்தானையைக் கிழித்து அக்காவின் கையைச் சுற்றிக் கட்டினேன். கட்டும்போது அக்கா முனகினாள்.

"அவன மொதல்ல தூக்கு கனகம். செத்துடப் போறான்."

நிதானமாக முடிச்சுப் போட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்துக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். வைத்திலிங்கமும் மூச்சு வாங்க வந்தார். ஒருத்தர் தண்ணீரில் குதிக்கப் போனார். நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றேன். யாரும் கிட்ட வரவில்லை. என் முகம் எப்படி இருந்ததோ.

மண்வெட்டிக் காம்பை அவர் பக்கம் நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். நான் இழுக்கவில்லை. அதுவரை நீங்க, வாங்க என்பதைத் தவிர அவரிடம் வேறு பேசியறியாதவள் நான்.

"கெழக்குப் பாதி யாருதுன்னு பெரியவருக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"அண்ணிது... அண்ணிதுதான். இழு கனகம்."

"மேக்குப் பாதி?"

அவருக்குப் புரியவில்லை. காம்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். தலை ஒரு முறை முங்கி எழுந்தது.

"நாத்து உட்டது யாரு? களை எடுத்தது யாரு? மேக்குப் பாதி யாருது?"

"ஒன்னுது! ஒன்னுது!"

வைத்திலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அக்காவின் கையைப் பார்த்தார், மண்ணில் கிடந்த விரல்களைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். அதன் பிறகு இழுத்தேன்.

அக்காவை மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காயம் ஆறியது, விரல் வரவா போகிறது? அவருக்கு எலும்புக் கட்டுப் போட்டார்கள். எலும்பு சரியாகச் சேரவில்லை, அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது அரிவாள் தவறிப் பட்டது என்று அக்கா சொன்னாள், அம்சவல்லிக்குப் புகுந்த வீட்டில் பேச்சு வரும் என்று அவளுக்குப் பயம். வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்தேன் என்று அவர் சொன்னார். பெண்டாட்டி காலை உடைத்தாள் என்று எந்த ஆம்பளை வாயைத் திறந்து சொல்வான்?

வெட்டாமல் மிஞ்சிய செடிகளின் காயைக் கூடையில் எடுத்துக்கொண்டு மறுபடி நான்தான் முதலில் போனேன். கோணி கட்டிய ஜன்னல்களைப் பார்த்து, பின்பக்கச் சந்தில் நுழைந்து, வளையலால் தட்டினேன். திறக்க மாட்டாள் என்று நினைத்தேன். இசக்கியம்மாள் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அக்கா எப்படி இருக்கிறாள் என்று சன்னமாகக் கேட்டுவிட்டு, முறத்தை நீட்டினாள்.

இப்போது இரண்டு பாதியும் ஒரே மாதிரிதான் விளைகின்றன, ஒரே மாதிரிதான் விலை போகின்றன. நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு பிளாக் பார்த்துக்கொள்கிறோம். என் முந்தானையிலும் தனியாக ஒரு முடிச்சு இருக்கிறது. சக்கரபாணியின் அட்வான்ஸைத் தீர்த்தாயிற்று.

என் வீட்டுக்காரரால் நிற்க முடியாது, உட்கார்ந்து நகர முடியும். காலையில் அவரைக் கொண்டுபோய் மேற்குப் பாதியில் இறக்கி விடுவேன். பூவாளியில் நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பார், களை எடுப்பார், புழு பொறுக்குவார், சாயங்காலம்வரை. மத்தியானம் சோறு கொடுத்தனுப்புகிறேன். மற்றபடி அந்த வேலைக்கு என்ன கூலி என்று இதுவரை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. நானும் பார்க்கவில்லை.